கணக்குக் கேட்பது பிள்ளையின் உரிமை
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றப்பட்ட உரை)

 

இக்கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நாளில் எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் தலைப்பு, 'மறைந்த பெற்றோர் பிறர் பொறுப்பில் விட்டுச் சென்ற சொத்தில் பிள்ளைகளுக்குள்ள உரிமை' என்பதாகும். சொத்தே இல்லாத நமக்கு இத்தலைப்பு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தைத்தான் முதலில் களைய விரும்புகிறேன். நிறைய வைத்திருப்பவன் ஒரு பங்கை இழந்தால் அவனுக்கு அது ஒரு குறை. கொஞ்சம் வைத்திருப்பவன் அதை இழந்தால் அவன் பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. ஆகவே இச்சட்டம் செல்வரைவிட நமக்கே மிகுதியும் வேண்டியது.

பாடும் பத்திரமும்

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்னும் முறை இருப்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மீன் மிகுந்த இடங்களைப் பங்கிட்டு, இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் எனச் சீட்டுப் போட்டு முறை வைக்கும் பழைய ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய பட்டினவர் ஊர்களில் அந்த உரிமை பரம்பரையாக வருகிறது. நம் மக்கள் அந்த வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். கையால் தடவி இறால் பிடித்தும், சிறுவலை வீசியும், கூலிக்குச் சென்றும் நம் முன்னோர் பிழைத்தனர். தந்தை இறந்தால் மகனுக்கு ஏரியில் ஒரு முறை கிடைக்கும் என்ற உறுதி அவர்களுக்கு இருந்ததில்லை.

ஆனால் அந்தப் பாட்டு முறையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. சீட்டைக் கையில் வைத்திருப்பவர் ஏரிக்குச் சொந்தக்காரர் அல்லர். எல்லோருக்காகவும் அதை வைத்திருப்பவர். தன் முறை விடுபட்டது என்று கருதும் ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். கேட்பது துடுக்காகாது, முறை என்ற ஒன்று இருப்பதே கேட்பதற்காகத்தான். சொத்தை ஒருவர் கையில் கொடுத்து, அதன் பயனை இன்னொருவருக்கு உரியதாக்கும் ஏற்பாட்டைச் சட்டம் 'டிரஸ்டு' என்கிறது. அதன் சாரமும் இதுதான். ஏரியில் பாடு இல்லாத நமக்குப் பத்திரமும் வங்கிப் புத்தகமும் காப்பீட்டுத் தாளுமே பாடு. அவற்றில் நம் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

டிரஸ்டு என்பது யாது?

நம் நாட்டில் தனியார் டிரஸ்டுகளை ஆள்வது 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம். அச்சட்டத்தின்படி மூவர் உளர். சொத்தை ஒப்படைப்பவர் டிரஸ்டை ஏற்படுத்தியவர். அதை ஏற்றுக்கொள்பவர் பொறுப்பாளர். யாருடைய நன்மைக்காக ஒப்படைக்கப்பட்டதோ அவர் பயனாளி. பெயரளவில் சொத்து பொறுப்பாளரிடம் இருந்தாலும் அதன் பயன் பயனாளிக்கே உரியது. வீடு, மனை, நிலம் போன்ற அசையாச் சொத்தாயின், டிரஸ்டு எழுத்தில் அமைந்து, கையொப்பமிடப்பட்டு, பதிவு செய்யப்பட வேண்டும்; அல்லது உயிலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பணம், நகை போன்ற அசையும் பொருளாயின், அதைப் பொறுப்பாளர் கையில் உரிமை மாற்றிக் கொடுத்தாலே போதும்.

அமெரிக்க நாட்டில் பெற்றோர் தாம் உயிரோடிருக்கும்போதே வீட்டையும் சேமிப்பையும் ஒரு டிரஸ்டில் வைத்து, தாமே பொறுப்பாளராக இருந்து, தமக்குப் பின் இன்னார் பொறுப்பேற்க வேண்டும் என எழுதிவைப்பது பெருவழக்கு. அங்கே கலிபோர்னியா மாநிலச் சட்டம், ஏற்படுத்தியவர் இறந்து டிரஸ்டு மாற்ற முடியாததாகிவிட்டால், 60 நாட்களுக்குள் பயனாளிகளுக்கும் வாரிசுகளுக்கும் பொறுப்பாளர் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது. நம் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி நாள் குறித்த அறிவிப்பு விதி இல்லை. இந்த வேறுபாட்டை ஊன்றிக் கவனியுங்கள். அங்கே பொறுப்பாளர் தேடி வந்து சொல்ல வேண்டும்; இங்கே பயனாளி தேடிச் சென்று கேட்க வேண்டும். கேளாதவனுக்கு இங்கே உரிமை இருந்தும் இல்லாததே.

கேட்டால் என்ன கிடைக்கும்?

பொறுப்பாளர் தெளிவான, சரியான கணக்கை வைத்திருக்க வேண்டும். பயனாளி நியாயமான நேரத்தில் கேட்கும்போது சொத்தின் அளவையும் நிலையையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். இது அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு. டிரஸ்டுப் பத்திரம், சொத்தின் மூலப் பத்திரங்கள், கணக்குகள், செலவுச் சீட்டுகள் ஆகியவற்றைப் பார்வையிடவும் நகல் எடுத்துக்கொள்ளவும் பயனாளிக்கு உரிமை உண்டு. இது 57ஆம் பிரிவு. பொறுப்பாளர் சொத்தைத் தம் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 51ஆம் பிரிவு. தம் சொந்தச் சொத்தைக் கருத்துள்ள ஒரு மனிதர் எப்படிப் பேணுவாரோ அப்படிப் பேண வேண்டும் என்பது 15ஆம் பிரிவு. பயனாளிகள் பலர் இருந்தால் ஒருவருக்குச் சாய்ந்து மற்றவரை வஞ்சிக்கக் கூடாது என்பது 17ஆம் பிரிவு.

மாணவர்கள் மனத்தில் பதிக்க வேண்டியது 41ஆம் பிரிவு. பயனாளி சிறுவயதினராக இருந்தால், அவரது பராமரிப்புக்கும் கல்விக்கும் வாழ்வில் முன்னேற்றத்துக்கும் அச்சொத்திலிருந்து செலவிடப் பொறுப்பாளருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே, 'உனக்கு 18 வயது ஆகும்வரை எதையும் தொட முடியாது. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போ' என்று ஒருவர் சொன்னால், பத்திரத்தில் அப்படித் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடை இல்லையெனில் படிப்புக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

பயனாளி ஒருவரே இருந்து வயதும் நிறைந்திருந்தால், அல்லது பயனாளிகள் அனைவரும் வயது நிறைந்து ஒரே மனத்தினராக இருந்தால், சொத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். பொறுப்பாளர் சொத்தை முறைகேடாகப் பிறருக்குக் கொடுத்துவிட்டால், அச்சொத்தைத் தொடர்ந்து சென்று அவர் கையிலிருந்தே மீட்கலாம்; உண்மை அறியாமல் நேர்மையாக விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பொறுப்பாளர் தகாதவராயின் நீதிமன்றம் புதியவரை நியமிக்கலாம். இழப்பு நேர்ந்தால் அதை அவரே ஈடுசெய்ய வேண்டும். நம்பி ஒப்படைத்ததை நேர்மையற்ற எண்ணத்தோடு தமதாக்கிக்கொள்வது குற்றமும் ஆகும்; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு அதைக் கூறுகிறது.

நம் வீடுகளில் உள்ள டிரஸ்டுகள்

'எங்கள் அப்பா டிரஸ்டுப் பத்திரம் எதுவும் எழுதவில்லையே' என்று கேட்பீர்கள். தோழர்களே, பெயர் சொல்லாமலே நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கும் டிரஸ்டுகள் பல. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, ஆயுள் காப்பீடு. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 6ஆம் பிரிவின்படி, மணமான ஒருவர் தம் உயிரின் மேல் எடுக்கும் காப்பீட்டில், 'இது என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது' என்று அதன் முகப்பிலேயே குறித்துவிட்டால், அது அந்த நொடியிலேயே டிரஸ்டு ஆகிவிடுகிறது. சென்னை மாகாணத்தில் இந்துக்கள் எடுக்கும் காப்பீட்டுக்கு 1913 டிசம்பர் 31க்குப் பிறகும், பிற பகுதிகளில் 1923 ஏப்ரல் 1க்குப் பிறகும் இது பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. நம் மாகாணத்துக்கு அந்தப் பாதுகாப்பு 9 ஆண்டுகள் முந்திக் கிடைத்தது; எனினும் இன்றும் நம் ஊர்களில் அதை அறிந்தவர் சிலரே.

இதன் பயன் யாது? அப்படி எழுதிய பணம் இறந்தவரின் சொத்துக் கணக்கில் சேராது. கடன் கொடுத்தவர் அதன்மேல் கை வைக்க முடியாது. கடன்காரரை ஏமாற்றவே தவணை கட்டியது மெய்ப்பிக்கப்பட்டால் மட்டும் அந்த அளவுக்கு விலக்கு உண்டு. வலைக்கும் படகுக்கும் இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வாழும் நம் குடும்பங்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. எரித்த சாம்பல் ஆறுமுன் வாசலில் வந்து நிற்கும் கடன்காரருக்கு முன்னே, தாயும் பிள்ளைகளும் நிமிர்ந்து நிற்க அந்த ஒற்றைத் தாள் போதும். இதற்குப் பதிவுக் கட்டணம் இல்லை. காப்பீடு எடுக்கும்போதே அதற்குரிய படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுக்க வேண்டும். பொறுப்பாளரையும் அதில் குறிப்பிடுவது நலம். குறிக்காவிடில் பணம் அரசின் அலுவல்முறைப் பொறுப்பாளரிடம் செல்லும்.

இரண்டாவது, நாமினி எனப்படும் நியமனதாரர். இங்கேதான் நம் மக்கள் மிகுதியும் ஏமாறுகிறார்கள். வங்கிக் கணக்கிலோ சேமிப்புப் பத்திரத்திலோ சித்தப்பாவின் பெயர் நாமினியாக இருந்தால் பணம் அவருக்கே சொந்தம் என எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். அது தவறு. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை; உரிமை வாரிசுகளுக்கே. ஆயுள் காப்பீட்டைப் பற்றி 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கிலும், தேசிய சேமிப்புப் பத்திரத்தைப் பற்றி 2000ஆம் ஆண்டிலும், வங்கி வைப்பைப் பற்றி 2010ஆம் ஆண்டிலும், நிறுவனப் பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இக்கருத்தையே கூறியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு மாறுதல் செய்தது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பயன் அவர்களுக்கே சேரும் என்றது. அத்திருத்தத்தைப் பொருள்கொள்வதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் சித்தப்பாவோ மாமனோ அண்டை வீட்டாரோ நாமினியாக இருந்தால் அவர் பெறுவது வாரிசுகளுக்காகவே என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது, சிறுவர் பெயரில் உள்ள வைப்புத் தொகை. விபத்து வழக்குகளில் தீர்ப்பாயம் வழங்கும் இழப்பீட்டில் சிறுவரின் பங்கை, வயது நிறையும் வரை வங்கியில் வைப்பது வழக்கம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த குழந்தைகள் பெயரிலும் வைப்புத் தொகை இடப்பட்டது. கொரோனா கொள்ளைநோயில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தலா 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை அறிவித்தது. 18 வயதில் வட்டியோடு அது அக்குழந்தைக்கு உரியது. ஒன்றிய அரசின் திட்டத்தில் 18 வயதுக்குள் 10 லட்சம் ரூபாய் நிதி சேர்க்கப்பட்டு, 23 வயதில் அது கையில் கிடைக்கும். கடலிலோ ஏரியிலோ விபத்தில் இறந்த மீனவர் குடும்பத்துக்கு, 2020ஆம் ஆண்டு தொடங்கிய மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழுக் காப்பீடு 5 லட்சம் ரூபாய் என வரையறுத்தது. இவை எல்லாம் ஒருவர் கையில் இன்னொருவருக்காக இருக்கும் பணமே.

நான்காவது, சிறுவருக்கு உரிய மனையும் நிலமும். தாய் தந்தையேயானாலும், சிறுவருடைய தனிப்பட்ட அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றி விற்க 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் இடம் தரவில்லை. அப்படி விற்றிருந்தால் 18 வயது நிறைந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள், அதாவது 21 வயதுக்குள், அதை நீக்கும்படி வழக்குத் தொடரலாம். நீதிமன்ற நியமனம் இன்றித் தாமே காப்பாளராக நடந்துகொள்ளும் உறவினருக்கோ விற்கும் அதிகாரமே கிடையாது. இந்த மன்றத்தில் 18க்கும் 21க்கும் இடைப்பட்ட வயதினர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களில் தந்தையை இழந்தவர் யாரேனும் இருந்தால், இந்த 3 ஆண்டுகளை வீணாக்காதீர்கள். எழுத்தில் அமைந்த டிரஸ்டாயின் பொறுப்பாளருக்கு எதிராகக் காலவரம்பு தடையாகாது என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 10ஆம் பிரிவில் கூறுகிறது. அதற்காகத் தாமதிப்பது அறிவுடைமை ஆகாது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சான்றுகள் மறையும், சாட்சிகள் மறைவார்கள்.

பெண்களின் பங்கு

பங்கு என்றதும் ஆண்பிள்ளைகளை மட்டும் நினைப்பது நம்மிடையே இன்னும் ஒழியாத குறை. உயிலோ டிரஸ்டோ இன்றி இந்து ஆடவர் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் அது 2005ஆம் ஆண்டில் வந்தது. கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சிய இரு பங்கும் மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கு. 'திருமணத்துக்குச் செலவு செய்தாயிற்று' என்ற சொல் அந்தப் பங்கை அழித்துவிடாது. தங்கையின் கையொப்பத்தை வெற்றுத் தாளில் வாங்கும் அண்ணன், தன் பிள்ளைக்கு எதைக் கற்பிக்கிறான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடனைப் பற்றியும் ஒரு சொல். தந்தையின் கடன் பிள்ளையின் தலையில் பிறவிக் கடனாக ஏறாது. தந்தை விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே அது தீர்க்கப்பட வேண்டும். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்தால் மகனைப் பிடிக்க முடியாது. ஆகவே தந்தையின் கடனுக்காகப் பள்ளியை விட்டுப் பிள்ளை வேலைக்குச் செல்ல வேண்டும் என்று எவரேனும் நெருக்கினால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லுங்கள்.

தடுப்பது சட்டமா, தயக்கமா?

இவ்வளவு உரிமைகள் இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் கேட்பதில்லை? சட்டம் தெரியாமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தயக்கம். 'சோறு போட்டு வளர்த்தவரிடம் கணக்குக் கேட்பதா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதா?' என்று மனம் கூசுகிறது. கேட்டவன் நன்றி கெட்டவன் என்று உறவு பேசும். தாய் அஞ்சுகிறாள்; மகளின் திருமணத்துக்கு அந்த உறவு வேண்டுமே என்று வாய் மூடுகிறாள்.

இக்கூச்சத்தை நான் இகழவில்லை. தந்தையை இழந்த குழந்தைகளைத் தாங்கிய சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் மாமன்மார்களும் நம் ஊர்களில் எண்ணற்றவர். தம் பிள்ளைக்கு இல்லாததை அண்ணன் பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆயினும், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது யாரையும் ஐயுற்று அன்று. கணக்கு நேர்மையானவருக்கு அரண். கணக்கில்லாத இடத்தில் நல்லவர்மேலும் பழி விழும். செலவுச் சீட்டைக் காட்டும் சித்தப்பாவின் மதிப்பு ஊரில் உயருமே தவிரக் குறையாது. ஆகவே கேட்பவர் பணிவோடு கேட்கட்டும். பொறுப்பில் இருப்பவர் மகிழ்வோடு காட்டட்டும்.

எப்படிக் கேட்பது? முதலில் வீட்டில், பெரியவர் ஒருவர் முன்னிலையில், வாய்மொழியாகக் கேளுங்கள். விடை வராவிடில் இவ்வாறு ஒரு கடிதம் எழுதலாம்:

'மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு வணக்கம். அப்பா மறைந்த பின் தாங்கள் எங்களைத் தாங்கி வந்ததை நாங்கள் மறக்கவில்லை. அப்பா எங்களுக்காகத் தங்கள் பொறுப்பில் விட்டுச் சென்ற சொத்தின் பத்திர நகலையும், இதுவரை வந்த வரவு, ஆன செலவு, இப்போதைய கையிருப்பு ஆகியவற்றின் கணக்கையும் 30 நாட்களுக்குள் தந்துதவ வேண்டுகிறேன். எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. தங்கள் அன்புள்ள மகன்.'

இதில் ஒரு கடுஞ்சொல் இல்லை. ஆனால் கேட்க வேண்டியது அனைத்தும் இருக்கிறது. நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்.

அதற்கிடையில் நீங்களே தேடிப் பெறக்கூடியவையும் உண்டு. தந்தையின் இறப்புச் சான்றிதழ் முதற்படி. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் இரண்டாவது. அதில் தாய், மகள், மகன் எவர் பெயரும் விடுபடாமல் பாருங்கள். அசையாச் சொத்தாயின் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் பெறுங்கள். பதிவான டிரஸ்டுப் பத்திரத்தின் நகலை, பொறுப்பாளரின் இசைவு இன்றியே, கட்டணம் செலுத்திப் பெறலாம் என்பதைப் பலர் அறியார். தந்தை எந்த வங்கியில் பணம் வைத்திருந்தார் என்று தெரியாவிடில், உரிமை கோரப்படாத வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய 'உத்கம்' என்னும் இணையதளம் இருக்கிறது. 10 ஆண்டுகள் தொடாமல் கிடந்த வைப்பு ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டாலும், வாரிசுக்குரிய உரிமை அழிவதில்லை. வங்கி வழியாகவே திரும்பப் பெறலாம். வங்கி கேட்டால், உரிமையியல் நீதிமன்றம் வழங்கும் இறங்குரிமைச் சான்றிதழ் தேவைப்படலாம்.

வழக்கு என்றால் பணத்துக்கு எங்கே போவது என்று அஞ்ச வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி அளிக்கிறது. பொன்னேரி நீதிமன்றத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசலாம். வழக்காடுவதற்கு முன்பே இரு தரப்பையும் அமர்த்திப் பேசித் தீர்க்கவும் அவர்கள் உதவுவார்கள். உறவை முறிக்காமல் உரிமையைப் பெறுவதற்கு அது நல்ல வழி.

பெரிய பொறுப்புகள்

குடும்பத்துக்குள் கேட்கப் பழகியவன் வெளியேயும் கேட்கத் துணிவான். நம் மண்ணிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. இப்பகுதி அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலமற்ற நிலையை அரசுக்கு எழுதினார். அதன் விளைவாக 1892ஆம் ஆண்டில் சென்னை அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. 10 ஆண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது; அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அதுவே இன்று நாம் பஞ்சமி நிலம் என்று கூறுவது. சட்டப்படி அது டிரஸ்டு அன்று. ஆனால் பின்வரும் தலைமுறைக்காக நிலத்தின் மேலேயே கட்டிவைத்த பொறுப்பு அது. அப்பொறுப்பைப் பற்றிக் கேள்வி கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள் ஜான் தாமசும் ஏழுமலையும். அவர்களை இந்த நேரத்தில் வணங்குகிறோம்.

ஏரியும் அத்தகையதே. ஆறு, ஏரி, கடற்கரை ஆகியவற்றுக்கு அரசு உரிமையாளர் அன்று, மக்களுக்காக வைத்திருக்கும் பொறுப்பாளர் என்று கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு முன் 1983ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மோனோ ஏரிக்காக அம்மாநில உச்ச நீதிமன்றமும் இதே கொள்கையை நிலைநாட்டியது. பாட்டு வரிசையில் இடம் பெறாதவர்களும் இந்த ஏரியின் பயனாளிகளே. அந்த உரிமையை எடுத்துரைக்கும் நாவன்மையும் எழுத்தறிவும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

நிறைவாக ஒன்று கூறி என் உரையை முடிக்கிறேன். இச்சங்கமும் ஒரு பொறுப்பாளரே. கூலி வேலை செய்த கைகள் கொடுத்த நன்கொடை இதன் பெட்டியில் இருக்கிறது. அது நிர்வாகிகளின் பணம் அன்று. படிக்க வரும் பிள்ளைகளின் பணம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் ஆண்டுதோறும் பொதுக்குழுவின் முன் கணக்கை வைக்கச் சொல்கிறது. இளைஞர்களே, அக்கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். கணக்கேட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள். புரியாததை எழுந்து கேளுங்கள். நிர்வாகிகளே, கேட்கும் பிள்ளையைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். 25 ஆண்டுகள் கல்வி கொடுத்ததன் பயன் அதுவே என்று மகிழுங்கள். இங்கே கேட்கக் கற்றவன் தன் வீட்டிலும் கேட்பான், வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்பான், நாளை ஏரிக்காகவும் கேட்பான்.

சங்கம் பொன்விழாக் காணட்டும். அன்று இம்மேடையில் நின்று கணக்குப் படிப்பவர், இன்று கீழே அமர்ந்திருக்கும் மாணவியருள் ஒருவராக இருக்கட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.